குழந்தையோடு வந்தால்தான் அனுமதி

வாரம் முழுக்க அறுபது பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு, கிடைத்த ஒரு சனிக்கிழமையையும் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவில் கழிக்கப் போகிறவளை என்னவென்று சொல்வது? ஜெபசெல்வி தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் புடவை கட்டினாள். கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சேர்த்து அவள் தலையில்தான் கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் 'கையை எடு, தொடாதே, வாயில் வைக்காதே' என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும். அன்றைக்கு அவளை அழைத்துப்போகிற இடமோ எதை வேண்டுமானாலும் தொடலாம், இழுக்கலாம், சுற்றலாம் என்று எழுதி வைத்திருக்கிற குழந்தைகள் அருங்காட்சியகம். திருத்தணியைத் தாண்டி, திருப்பதி போகிற ரோட்டில் புதிதாகத் திறந்திருந்தார்கள்.

அக்கா பிள்ளைகள் டெபோராவும் இவானும் காட்சியகம் பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டு காலையிலிருந்து குதித்தார்கள். பெரியவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே வைத்து ஜெபசெல்வியைப் பெண் பார்க்க மணவூரிலிருந்து ஆள் வருகிறது.

யோசனை அக்கா வீட்டுக்காரர் தானியேலுடையது. அவரோடு வேலை பார்க்கிற வெங்கடேசன் போன மாதம்தான் தன் தங்கையை முருகன் மலை மேல் வைத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டியிருந்தான். திருத்தணியில் அது சௌகரியமான வழக்கம். ரெண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்ததாக மலை ஏறும். பிராகாரத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ளும். பிடித்தால் உட்கார்ந்து பேசலாம், பிடிக்காவிட்டால் விபூதி வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். யாருக்கும் குறைச்சல் இல்லை.

"அவங்களுக்கு மலை இருக்குது. நமக்கு இன்னா இருக்குது சொல்லு?" என்று தானியேல் கேட்டார்.

நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வரச்சொன்னால் தெருவே ஜன்னலில் நிற்கும். சபையில் வைத்துப் பார்த்தாலோ அடுத்த வாரமே பெண்கள் ஐக்கியத்தில் அது ஜெபக் குறிப்பு ஆகிவிடும். 'நம்முடைய சகோதரி ஜெபசெல்விக்கு ஏற்ற துணை அமையும்படியாக' என்று ஒருத்தி எழுந்து உருக்கமாக ஆரம்பிப்பாள், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்பார்கள். அந்த அறையில், அந்த ஜெபத்துக்கு நடுவில், தலையைக் குனிந்தபடி ஜெபசெல்வியும் உட்கார்ந்திருப்பாள். அந்தக் கஷ்டம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவளுக்கு வயது முப்பத்தேழு. டீச்சர் டிரெயினிங் முடித்து வேலையில் சேர்ந்த வருஷமே அம்மாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. அக்கா பிரேமகுமாரி கல்யாணமாகி அரக்கோணம் போயிருந்தாள். அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா ஜெபசிங் அப்போது பஸ் கண்டக்டர். விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் செய்துவிட்டு, ஓடிப்போய் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து அ, ஆ சொல்லிக்கொடுப்பாள். அம்மா போய்ச்சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் சொன்ன முதல் ஆறுதல், 'இனிமே நீ உன் வழியைப் பாரு' என்பது. வழியைப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாம் கேசரி சாப்பிட்டார்கள், ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள், எந்தச் சபை என்று கேட்டார்கள், போனார்கள். ஒருத்தருக்கு அவள் வயது அதிகம். ஒருத்தருக்கு நிறம் கம்மி. வேலைக்குப் போகிற பெண் வாயாடுவாள் என்று இன்னொருத்தர். வாயே திறக்கவில்லை, ஊமையோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

அதனால் இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் நைனாவிடம் கறாராகப் பேசிவிட்டாள்.

"இதுதான் கடைசி நைனா. இதுவும் ஆகலன்னா அதோட விட்டுடணும். யாருக்கும் என் போட்டோவ அனுப்பக் கூடாது. சபையில எனக்காக யாரும் ஜெபம் பண்ணக் கூடாது."

"ஜெபத்த எப்படிம்மா நிறுத்தச் சொல்றது?"

"சத்தமா பண்ண வேணாம்னு சொல்லுங்க."

"ஆங், அது சொல்லலாம்," என்று நைனா ஒத்துக்கொண்டார்.

ஆக, மணவூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவளை யாரும் எழுப்பமாட்டார்கள். நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் பாயை நினைத்துக்கொள்வதுபோல் அவள் அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அன்றைக்குப் பார்த்து கிருத்திகை. அரக்கோணத்துக்காரரான தானியேல் காலண்டரில் அதைப் பார்க்கவில்லை. திருத்தணியில் பிறந்த ஜெபசெல்வி பார்த்திருந்தாள், சொல்லவில்லை. கூட்டத்தில் மாட்டி நேரம் தப்பினால் தப்பட்டும் என்று விட்டுவிட்டாள். ரோடெல்லாம் வேனும் பஸ்ஸும் காவடியுமாக ஆட்டோ நத்தையாய் நகர்ந்தது. காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தபோது, மலையில் மொட்டை போட்டு சந்தனம் பூசிய பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். சாமி கும்பிட்ட கையோடு இதையும் காட்டிவிடலாம் என்று எல்லா அப்பாக்களுக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கிறது.

வாசலில் ஒரு சின்னத் தகராறு நடந்துகொண்டிருந்தது. அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள், வெள்ளைப் புடவையில் சரிகை போட்டு, கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி செக்யூரிட்டியிடம் மல்லுக்கு நின்றார். பக்கத்தில் மகளும், கொஞ்சம் தள்ளி, அயர்ன் பண்ணிய சட்டையில் ஒரு மனிதரும். மூன்று பேரும் மணவூர்க்காரர்கள்தான்: ரூபாவதி அம்மாள், மகள் கனிமொழி, மகன் இளங்கோவன். இளங்கோவனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே எலக்ட்ரீஷியன் வேலை. வயது நாற்பத்தொன்று.

விஷயம் இதுதான். 'குழந்தையோடு வந்தால்தான் பெரியவர்களுக்கு அனுமதி' என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கிறது. கனிமொழிக்கு ரெண்டு பிள்ளைகள். நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தில் கத்தி ரகளை பண்ணும் என்று, குழந்தைகள் காட்சியகத்துக்கு வரும்போது ரெண்டையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"குழந்தை எங்கம்மா?" என்று செக்யூரிட்டி மறுபடியும் கேட்டார்.

"இதோ என் புள்ளைய இஸ்துகினு வந்திருக்கேனே, கண்ணு தெரியலையா?" என்று ரூபாவதி அம்மாள் மகனைக் காட்டினார்.

செக்யூரிட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். "பன்னெண்டு வயசுக்குள்ள இருக்கணும்மா," என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளங்கோவன் மட்டும் தரையைப் பார்த்தான். காது வரைக்கும் சிவந்துபோனது. ஜெபசெல்விக்குப் பாவமாக இருந்தது.

தானியேலுக்கு ரெட்டைச் சிக்கல். ரெண்டு குடும்பமும் ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் உள்ளே சந்திப்பது என்பதுதான் ஏற்பாடு. இப்போது தெரியாதவர்களுக்குப் பிள்ளையை இரவல் கொடுத்தாக வேண்டும். அவர் ஒன்பது வயது டெபோராவை மெதுவாக முன்னால் தள்ளிவிட்டார். "பாப்பா, அந்த மாமாவோட போம்மா."

"அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?" என்று செக்யூரிட்டி சந்தேகமாகக் கேட்டார்.

"இல்லங்க. வந்து... ஆங், தெரிஞ்சவங்கதான்."

டெபோரா பெரிய மனுஷி. இளங்கோவனின் விரலைப் பிடித்துக்கொண்டு, 'வாங்க மாமா' என்று உள்ளே கூட்டிப்போனாள். மற்றவர்கள் அவள் புண்ணியத்தில் பின்னாலேயே நுழைந்தார்கள்.

உள்ளே ஒரே இரைச்சல். உட்கார்ந்தவரே கயிற்றை இழுத்து மேலே போகிற நாற்காலி, பெடல் மிதித்தால் எரிகிற பல்பு, ஆளை உள்ளே நிற்கவைத்து மூடுகிற சோப்புக் குமிழி, ஆளைக் குட்டையாக்கும் கண்ணாடி. மொட்டைத் தலைகள் எல்லாவற்றின் மேலும் ஏறி இறங்கின. ஜெபசெல்வியின் கை தானாக நீண்டு ஒருவனைத் தடுக்கப்போகும், வாயில் 'தொடாதே' வரும், அப்புறம்தான் இது நம்ம வகுப்பு இல்லை என்று ஞாபகம் வரும். ஜெபசெல்விக்கு இடுப்பு விட்டுப்போனது. அதோடு ரூபாவதி அம்மாளின் கண் வேறு அவள் மேலேயே இருந்தது. நடந்தால் நடை, குனிந்தால் முதுகு, இவானுக்கு மூக்கு துடைத்துவிட்டால் அதைத் துடைக்கிற பக்குவம், எல்லாவற்றையும் அந்தக் கண் அளந்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசிப் பார்வைதானே.

கூடத்தின் கடைசியில் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய குழிவான தட்டு நின்றது. அதன் முன்னால் ஒரு முக்காலி காலியாக இருந்தது. உட்கார இடம் கிடைத்ததே என்று ஜெபசெல்வி தட்டைப் பார்த்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"டீச்சர், கேக்குதுங்களா?"

காதுக்குள்ளேயே யாரோ பேசியதுபோல் இருந்தது. திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை. கூடத்தின் அந்தக் கோடியில் இதேபோல் இன்னொரு தட்டு, அதன் முன்னால் அயர்ன் பண்ணிய சட்டையின் முதுகு, பக்கத்தில் டெபோரா இவளுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் அத்தனை கூட்டம். அக்கா, பாவா தானியேல், நைனா, ரூபாவதி அம்மாள் எல்லாரும் நிற்கிறார்கள். ஒருத்தருக்கும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் மறுபடியும் தட்டின் பக்கம் திரும்பினாள். "கேக்குதுங்க."

"டெபோராதான் காட்டிச்சு. இங்க மெதுவா பேசினா அங்க மட்டும் கேக்குமாம்." குரல் இன்னும் தணிந்தது. "ரொம்ப டயர்டா இருக்கீங்க போல."

"ஆமாங்க."

"காலையிலேர்ந்தா?"

"பத்து வருஷமா."

சொன்ன பிறகுதான், இப்படியா பேசுவது என்று தோன்றியது. ஆனால் அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பில்லை. "எனக்கும் அப்படித்தாங்க. பொண்ணு பாக்கப் போற வீட்டுல எல்லாம் கேசரி சாப்டு சாப்டு சுகரே வந்துடிச்சு."

ஜெபசெல்வி சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற இடத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நேர்ல சொல்ல வராது எனக்கு," என்றது குரல். "நீங்க வேலைய விட வேணாம். மணவூர்லேர்ந்து தினம் கண்டிகைக்கு வந்து போறது கஷ்டம். நான் திருத்தணியிலயே வீடு பாக்கறேன். எனக்கு ஷிப்டுதானே, வண்டியில போய்க்குவேன். உங்க நைனாவும் இந்த வயசுல தனியா இருக்க வேணாம், நம்ம கூடயே இருக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். கேசரியைப் பற்றிப் பேசினார்கள், நகையைப் பற்றிப் பேசினார்கள். அவள் போய்விட்டால் நைனாவுக்கு யார் சோறு போடுவார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"எனக்குச் சம்மதங்க. உங்களுக்கு?" என்றது குரல்.

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் ஒரு மொட்டைத் தலை அவளுக்கும் தட்டுக்கும் நடுவில் புகுந்து, 'டேய் பங்காரு, கேக்குதாடா' என்று தன் தம்பியைக் கூப்பிட்டது. பின்னாலேயே அவன் அம்மா, 'கொஞ்சம் எந்திரிங்க மேடம், புள்ளைங்க பாக்கணும்' என்றாள். ஜெபசெல்வி எழுந்துகொண்டாள். புடவை முந்தானையில் சந்தனம் அப்பியிருந்தது. அந்தக் கோடியில் அவனையும் எழுப்பிவிட்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் கால்வலி இருந்தது, இடுப்புவலி இருந்தது, ஆனால் மனசு மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கேண்டீனில் எல்லாரும் ஒரே மேஜையில், இனிமேல் தெரியாதவர்கள்போல் நடிக்க ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தார்கள். இளங்கோவன் எதிரில்தான் இருந்தான். அவளைப் பார்க்கவில்லை, இவானுக்கு சமோசாவை ஊதி ஊதிக் கொடுத்தான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வேண்டாம் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தோம் என்பது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அந்த வார்த்தை வந்துவிடக் கூடாதே என்று பயமாக இருந்தது. இந்த வயதில் இந்தப் பயம் வேறா என்று எரிச்சலும் வந்தது.

"முப்பத்தஞ்சுன்னு சொன்னாங்களே," என்று ரூபாவதி அம்மாள் டீயை உறிஞ்சியபடி கேட்டார்.

"முப்பத்தேழுங்க ஆன்ட்டி," என்றாள் ஜெபசெல்வி. அக்கா மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

"அம்மாவுக்கு வாதம்னாங்க. அது குடும்பத்துல எல்லாருக்கும் வருதோ?"

"அவங்களுக்கு பிரஷர் இருந்திச்சுங்கம்மா, அதனால வந்தது," என்று நைனா குறுக்கிட்டார். கண்டக்டராக ஊர் ஜனத்தை அதட்டியவர், அந்த அம்மாள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பேசினார். அதைப் பார்க்க ஜெபசெல்விக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் வண்டிகள் நிற்கிற இடத்தில் ரெண்டு குடும்பமும் விடைபெற்றுக்கொண்டன. ரூபாவதி அம்மாள் நைனாவைப் பார்த்துப் புடவையைச் சரிசெய்துகொண்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதாங்க. நாங்க ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்."

இந்தச் சபைகளில் கல்யாணப் பேச்சு நடத்தினவர்களுக்கு அதன் அர்த்தம் விளக்க வேண்டியதில்லை. பிடித்திருந்தால் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு தேதி பேசுவார்கள். பிடிக்காவிட்டால்தான் ஜெபம். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக இருக்காது. பழியைக் கர்த்தர் சுமந்துகொள்வார். நைனாவின் முகம் தொங்கிப்போனது. அக்கா இவானின் செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

காலையிலிருந்து ஜெபசெல்வி காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அவள் இளங்கோவனைப் பார்த்தாள். அவன் வெறும் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் தானாகப் பேசுவது வழக்கமில்லை. அவளுக்கு வழக்கத்தைத் தூக்கிச் சுமக்கக் கூடத் தெம்பில்லை.

"உள்ள என்னை ஒண்ணு கேட்டீங்களே," என்றாள் அவனிடம். "இப்ப கேளுங்க. பதில் சொல்றேன்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நிமிர்ந்தான். ஒரு கணம், சொல்லிவிடுவான் என்றே அவளுக்குத் தோன்றியது. வாய் கூடத் திறந்தது.

"இன்னாடா கேட்ட?" என்றார் அவன் அம்மா.

திறந்த வாய் மூடிக்கொண்டது. "ஒண்ணும் இல்லம்மா. மணவூருக்கு அடுத்த வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

ரயில்வேக்காரன் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் வண்டி நேரம் கேட்டானாம். ஒரு பொய்யைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. கனிமொழிக்கே அது புரிந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெபசெல்வி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அந்தப் பெரிய தட்டுகள் ரெண்டையும் வீட்டில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் நிறுத்திவைத்துக் குடித்தனம் பண்ண முடியாதே என்று மட்டும் நினைத்தாள்.

"அஞ்சு மணிக்கு ஒரு லோக்கல் இருக்குதுங்க," என்றாள். "இப்ப கெளம்பினா புடிச்சிடலாம்." பிறகு ரூபாவதி அம்மாளிடம் திரும்பினாள். "நீங்க ஜெபம் பண்ணிக்கினு கஷ்டப்பட வேணாம் ஆன்ட்டி. எனக்கு இஷ்டம் இல்ல."

அந்த அம்மாள் கைப்பையை மறுபடியும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இதுவரைக்கும் எந்தப் பெண்ணும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. ஜெபசெல்வி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஆட்டோவில் போய் உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் அக்கா விடாமல் திட்டினாள். கடைசியாக வந்ததையும் கெடுத்துக்கொண்டாயே, அவங்களே வேணாம்னு சொல்லியிருப்பாங்களே, உனக்கு எதுக்கு வாய் என்றாள். பாவா டிரைவர் பக்கத்தில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். டெபோரா ஒரு பக்கம், இவான் மடியில், ரெண்டும் தூங்கிவிட்டன. மலைக்குப் போகிற வண்டிகள் இன்னும் வந்துகொண்டே இருந்ததால் ஆட்டோ நின்று நின்று நகர்ந்தது. இனிமேல் அவளை யாரும் எங்கேயும் கூப்பிடப்போவதில்லை. அதற்குத்தான் ஆசைப்பட்டாள். கண்ணை மூடிப்பார்த்தாள், தூக்கம் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அலுப்பு என்று அக்காவிடம் சொன்னாள்.

நைனா நம்பவில்லை. அக்கா வெளிப்பக்கம் திரும்புகிற வரைக்கும் பொறுத்திருந்து, மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"உனக்கு அந்தப் பையனப் புடிச்சிருந்திச்சாம்மா?"

"புடிச்சிருந்திச்சு நைனா," என்றாள் ஜெபசெல்வி.